புதிய கைப்பேசிக்காக இணைப்பு நிறுவனத்தை மாற்றலாமா?

புதிய கைப்பேசி வாங்க வேண்டும் என்று ஒருவர் தேடத் தொடங்கியதுமே, அவருக்குப் பிடித்த அதே கைப்பேசியை வேறொரு தொலைத்தொடர்பு நிறுவனம் முன்பணம் ஏதுமின்றித் தருவதாகச் சொல்லும் விளம்பரம் கண்ணில் படுகிறது. பல ஆண்டுகளாக வைத்திருக்கும் இணைப்பை விட்டுவிட்டு அங்கே போய்விடலாமா என்ற கேள்வி அப்போது எழுகிறது. எல்லோருக்கும் பொருந்தும் ஒரே விடை இதற்கு இல்லை. ஆனால் அவரவர்க்குரிய விடையைக் கண்டறியும் முறை ஒன்று உண்டு. ஒரே பொட்டலமாகக் கட்டி நம் கையில் தரப்படுபவை உண்மையில் இரண்டு பொருள்கள்: ஒன்று கைப்பேசி, மற்றொன்று அதற்கு உயிர் கொடுக்கும் இணைப்பு. இந்த இரண்டையும் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு கொடுக்கிறோம், ஒவ்வொன்றும் நமக்கு எவ்வளவு பயன்படுகிறது என்று தனித்தனியாகப் பார்த்துவிட்டால் பெரும்பாலான குழப்பம் தீர்ந்துவிடும். அப்படிப் பிரித்துப் பார்ப்பதற்குத் தேவையான அடிப்படைகளை, இதற்குமுன் இதைப் பற்றி யோசித்திராத ஒருவருக்கும் விளங்கும்படி சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

ஒரு காலத்தில் இந்தக் கேள்விக்கு வேறு பொருள் இருந்தது. 2007 ஜூன் 29 அன்று அமெரிக்காவில் முதல் ஐபோன் விற்பனைக்கு வந்தபோது, ஏடி அண்ட் டி நிறுவனத்தின் இணைப்போடு மட்டுமே அது கிடைத்தது. அந்தக் கைப்பேசி வேண்டுமென்றால் நிறுவனத்தை மாற்றியே ஆக வேண்டும், வேறு வழியில்லை. 2011 பிப்ரவரியில்தான் அந்த நாட்டின் மற்றொரு பெரிய நிறுவனமான வெரைசனிடமும் ஐபோன் கிடைக்கத் தொடங்கியது. வெரைசன் அப்போது சிடிஎம்ஏ என்ற வேறு தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தி வந்ததால், அதற்கென்றே தனியாக ஒரு வடிவத்தை ஆப்பிள் தயாரிக்க வேண்டியிருந்தது. ஒரு நிறுவனத்தின் கைப்பேசி மற்றொரு நிறுவனத்தின் கோபுரத்தோடு பேசவே முடியாத காலம் அது.

இன்று நிலைமை அப்படியில்லை. பெரும்பாலான கைப்பேசிகள் எல்லா நிறுவனங்களிடமும் கிடைக்கின்றன. தயாரித்த நிறுவனத்திடமிருந்தே நேரடியாகவும் வாங்கலாம். எனவே "அந்தக் கைப்பேசி அங்கே மட்டும்தான் கிடைக்கும்" என்ற கட்டாயம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. மிஞ்சியிருப்பவை இரண்டு காரணங்கள்தான்: அங்கே மொத்தச் செலவு குறைவாக இருக்கலாம், அல்லது அங்கே சேவை மேலானதாக இருக்கலாம். முதலாவதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கலாம். இரண்டாவதை நேரில் சோதித்துத்தான் அறிய முடியும்.

கணக்கு எப்படிப் போடுவது?

தள்ளுபடி விலையில் கைப்பேசி தரும் நிறுவனம் அந்தத் தள்ளுபடியைத் தன் கையிலிருந்து கொடுப்பதில்லை. வரும் மாதங்களில் நம்மிடமிருந்து பெறப்போகும் சேவைக் கட்டணத்தை நம்பித்தான் கொடுக்கிறது. அதில் தவறு ஏதுமில்லை, அது ஒரு வணிக ஏற்பாடு. ஆனால் வாங்குபவர் கவனிக்க வேண்டியது கைப்பேசியின் மேல் ஒட்டப்பட்ட விலையை அன்று. ஒப்பந்தக் காலம் முழுவதும் தன் பையிலிருந்து போகப்போகும் மொத்தத் தொகையை.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். எந்த நாணயமானாலும் கணக்கு ஒன்றே என்பதால் தொகைகளை அலகுகளாகவே குறிப்பிடுகிறேன். நீங்கள் விரும்பும் கைப்பேசியைத் தனியாக வாங்கினால் 600 அலகுகள் என்று வைத்துக்கொள்வோம். இப்போது நீங்கள் பயன்படுத்தும் திட்டத்துக்கு மாதம் 20 அலகுகள் கட்டுகிறீர்கள். புதிய நிறுவனம் கைப்பேசியை முன்பணமின்றித் தருகிறது. ஆனால் மாதம் 50 அலகுகள் உள்ள திட்டத்தில் 24 மாதங்கள் இருக்க வேண்டும் என்கிறது. புதிய நிறுவனத்துக்குப் போனால் மொத்தச் செலவு 1,200 அலகுகள். இருக்கும் இடத்திலேயே இருந்துகொண்டு கைப்பேசியைத் தனியாக வாங்கினால், கைப்பேசிக்கு 600, இரண்டு ஆண்டுச் சேவைக்கு 480, ஆக 1,080 அலகுகள். "இலவசம்" என்று சொல்லப்பட்ட கைப்பேசி 120 அலகுகள் கூடுதலாகச் செலவு வைக்கிறது.

இதைப் பார்த்துவிட்டு எல்லாச் சலுகைகளும் ஏமாற்று என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அதே எடுத்துக்காட்டில், நிறையத் தரவு தேவைப்படும் ஒருவர் தன் பழைய நிறுவனத்திலேயே மாதம் 40 அலகுகள் கொண்ட பெரிய திட்டத்தில் இருக்கிறார் என்று கொள்வோம். அவருக்கு இருந்த இடத்தில் இருப்பது 600 கூட்டல் 960, ஆக 1,560 அலகுகள். மாறினால் 1,200 தான். அவர் மாறுவதால் 360 அலகுகள் மிச்சம். இரண்டு பேருக்கும் முன்னால் இருப்பது ஒரே சலுகை. வேறுபடுவது, அந்தப் பெரிய திட்டம் யாருக்கு உண்மையிலேயே தேவை என்பது மட்டும். ஆகவே கணக்குப் போடுவதற்கு முன், கடந்த ஆறு மாதங்களில் மாதம் எவ்வளவு தரவு பயன்படுத்தினீர்கள் என்பதைக் கைப்பேசியின் அமைப்புகளிலோ நிறுவனத்தின் செயலியிலோ பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டிலும் பணியிடத்திலும் வைஃபை உள்ளவர்களில் பலர், தாங்கள் நினைத்திருந்ததைவிட மிகக் குறைவாகவே மொபைல் தரவைப் பயன்படுத்துகிறார்கள் என்பதை அப்போதுதான் அறிகிறார்கள்.

இன்னொரு கணக்கையும் இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். கைப்பேசியை எத்தனை ஆண்டுகள் வைத்திருக்கப் போகிறீர்கள்? முதல் எடுத்துக்காட்டில் வந்தவர் நான்கு ஆண்டுகள் வைத்திருப்பவர் என்றால், 24 மாதங்கள் முடிந்த பிறகும் சிறிய திட்டத்துக்கு இறங்காமல் அதே 50 அலகுத் திட்டத்திலேயே தொடர்ந்தால், நான்கு ஆண்டுகளில் 2,400 அலகுகள் கட்டியிருப்பார். பழைய இடத்திலேயே இருந்திருந்தால் 1,560 அலகுகளில் முடிந்திருக்கும். கைப்பேசிக்கான தொகை அடைந்துவிட்ட பிறகும் கட்டணம் தானாகக் குறைவதில்லை என்ற ஒப்பந்தங்களில் இந்த இழப்பு சத்தமில்லாமல் நடக்கிறது. இதைத் தடுக்கவே பிரிட்டனில் 2020 பிப்ரவரி முதல், ஒப்பந்தம் முடியப்போவதை வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் விதித்தது. உங்கள் நாட்டில் அப்படி ஒரு விதி இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒப்பந்தம் முடியும் நாளை வாங்கிய அன்றே நாட்காட்டியில் குறித்துவைப்பது நல்லது.

சலுகைகளில் மற்றொரு வகை, மாதாந்தரக் கழிவு. இதில் கைப்பேசியின் முழு விலையும் உங்கள் பெயரில் தவணைக் கடனாக எழுதப்படுகிறது. ஒவ்வொரு மாதமும் அந்தத் தவணைக்குச் சமமான தொகையை நிறுவனம் பில்லில் கழித்துக்கொள்கிறது. 720 அலகு விலையுள்ள கைப்பேசிக்கு 36 மாதங்கள் தவணை என்றால் மாதம் 20 அலகு தவணை, 20 அலகு கழிவு. பில்லில் பார்க்கும்போது கைப்பேசிக்கு நீங்கள் ஒன்றும் கொடுக்கவில்லை என்றே தோன்றும். ஆனால் 20 மாதங்கள் கழித்து நீங்கள் வெளியேறினால், கழிவு அன்றோடு நின்றுவிடும். மிஞ்சியுள்ள 16 தவணைகளுக்கான 320 அலகுகள் உங்கள் தலையில் விழும். வெளியேறுவது மட்டுமல்ல, சிறிய திட்டத்துக்கு மாறினாலும் கழிவு நிற்கும் என்று சில ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும். கடையில் நிற்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி "கைப்பேசி எவ்வளவு" என்பது அன்று. "ஓர் ஆண்டு கழித்து நான் போக விரும்பினால் எவ்வளவு கட்ட வேண்டும், திட்டத்தைக் குறைத்தால் என்ன ஆகும்" என்பதுதான். விடையை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

பழைய கைப்பேசியைக் கொடுத்துப் புதியது வாங்கும் எக்ஸ்சேஞ்ச் முறையிலும் இதே கவனம் தேவை. விளம்பரத்தில் உள்ள அதிகபட்ச மதிப்பு, பெரும்பாலும் மிக உயர்ந்த திட்டத்தில் சேருபவர்களுக்கும் கீறலில்லாத அண்மைக்கால மாடல்களுக்கும் உரியது. பழைய கைப்பேசியைத் தனியாக விற்றால் கையில் வரும் தொகையோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். சேர்க்கைக் கட்டணம், கட்டாயக் காப்பீடு, சிம் கட்டணம், வரி ஆகியவற்றையும் மறக்காமல் கணக்கில் சேருங்கள்.

குடும்பத்தினர் எல்லோரும் ஒரே திட்டத்தில் இருக்கும் வீடுகளில் கணக்கு இன்னும் சற்று விரிகிறது. நான்கு இணைப்புகளுக்கும் சேர்த்துக் கிடைக்கும் சலுகைக் கட்டணம், ஒருவர் விலகியதும் மற்ற மூவருக்கும் உயர்ந்துவிடலாம். ஒருவருக்குக் கைப்பேசியில் மிச்சமாகும் தொகையை மற்ற மூவரும் மாதந்தோறும் கட்டித் தீர்க்கும் நிலையும் வரக்கூடும். இதற்கு மாறாக, நால்வரும் சேர்ந்தே மாறும்போது மட்டும் இலாபம் தரும் சலுகைகளும் உண்டு. ஆகவே இத்தகைய வீடுகளில் கணக்கை ஓர் இணைப்புக்கு அல்ல, வீட்டுக்கே போட வேண்டும்.

பூட்டு என்பது என்ன?

தள்ளுபடியில் கைப்பேசி கொடுத்த நிறுவனம், வாடிக்கையாளர் அடுத்த நாளே அதை எடுத்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போய்விடாமல் இருக்கக் கைப்பேசியைத் தன் வலையமைப்போடு பூட்டிவைக்கும் வழக்கம் உண்டு. இந்தப் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பது எளிமையானது. ஒவ்வொரு சிம்முக்குள்ளும் அதிகபட்சம் 15 இலக்கங்கள் கொண்ட ஓர் அடையாள எண் இருக்கிறது. அதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டையும், அடுத்த இரண்டு அல்லது மூன்று இலக்கங்கள் நிறுவனத்தையும் குறிக்கின்றன. பூட்டப்பட்ட கைப்பேசி, சிம்மைச் செருகியதும் இந்த இலக்கங்களைப் படித்துப் பார்க்கிறது. தனக்கு அனுமதிக்கப்பட்ட நிறுவனத்தின் எண்ணாக இல்லாவிட்டால் அந்த சிம்மை ஏற்க மறுக்கிறது. கைப்பேசியில் கோளாறு எதுவும் இல்லை. அது தனக்குச் சொல்லப்பட்டதைச் செய்கிறது, அவ்வளவுதான்.

பல நாடுகள் இந்த வழக்கத்தைக் கட்டுப்படுத்தியிருக்கின்றன. கனடாவில் 2017 டிசம்பர் 1 முதல் புதிய கைப்பேசிகள் பூட்டின்றியே வழங்கப்பட வேண்டும் என்றும், பூட்டைத் திறக்கக் கட்டணம் வாங்கக் கூடாது என்றும் விதி வந்தது. ஜப்பானில் 2021 அக்டோபர் முதலும், பிரிட்டனில் அதே ஆண்டு டிசம்பர் முதலும் பூட்டிய கைப்பேசிகளை விற்பதற்குத் தடை வந்தது. மற்ற நாடுகளில் விதி வேறாக இருக்கலாம். தவணை முழுவதும் கட்டி முடித்த பிறகே பூட்டைத் திறந்து தருவது பரவலான நடைமுறை.

இது மாறுபவர்களை இரண்டு இடங்களில் தொடுகிறது. இப்போது உங்கள் கையில் இருக்கும் பழைய கைப்பேசி பூட்டப்பட்டதாக இருந்தால், அதை வீட்டில் வேறொருவருக்குக் கொடுப்பதோ விற்பதோ கடினம்; விலகுவதற்கு முன்பே, அதாவது நீங்கள் இன்னும் வாடிக்கையாளராக இருக்கும்போதே, பூட்டைத் திறக்கும் விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள். விலகிய பின் அதே வேலைக்கு நெடுநேரம் அலைய நேரிடும். புதிதாக வாங்கப் போகும் கைப்பேசி பூட்டோடு வருமானால், வெளிநாடு செல்லும்போது அங்குள்ள சிம்மைப் போட்டுப் பயன்படுத்த முடியாது என்பதையும் எண்ணிப் பாருங்கள். அடிக்கடி பயணம் செய்பவருக்கு இந்த ஒரு குறையே சலுகையின் பயனைக் கரைத்துவிடும்.

சிக்னல்: பணத்தால் ஈடுசெய்ய முடியாத பகுதி

கணக்கைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகும், முடிவை உண்மையில் தீர்மானிக்க வேண்டியது சிக்னல்தான் என்பது என் உறுதியான கருத்து. இதைச் சொந்த அனுபவத்தில் அறிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கைப்பேசியின் சலுகைக்காகவே ஒரு நிறுவனத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறினேன். கைப்பேசி மிக நன்றாக இருந்தது. ஆனால் வீட்டின் உட்புற அறைகளில் அழைப்பு நிலைக்கவே இல்லை. பேச வேண்டுமென்றால் எழுந்து சன்னல் ஓரம் போக வேண்டும். இரவில் என் தாயாரிடமிருந்து வந்த ஓர் அவசர அழைப்பு எனக்குக் கிடைக்காமல், காலையில்தான் செய்தியாக வந்து சேர்ந்தது. ஒப்பந்தம் முடிய இன்னும் 17 மாதங்கள் இருந்தன. மீதித் தொகையைக் கட்டிவிட்டுத்தான் வெளியே வந்தேன். மிச்சப்படுத்தியதாக நினைத்த தொகையைவிட அது அதிகம். கைப்பேசியைப் பற்றி ஒரு மாதம் படித்த நான், என் வீட்டுக்குள் சிக்னல் எப்படி இருக்கும் என்று ஒரு நாள்கூடச் சோதித்துப் பார்க்கவில்லை.

ஒரே தெருவில் ஒரு நிறுவனத்துக்குச் சிக்னல் தெளிவாகவும் மற்றொன்றுக்கு மங்கலாகவும் இருப்பதற்குக் கோபுரம் எங்கே இருக்கிறது என்பது ஒரு காரணம்; எந்த அலைக்கற்றையில் அது இயங்குகிறது என்பது மற்றொன்று. 700 முதல் 900 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள தாழ்ந்த அதிர்வெண் அலைகள் நெடுந்தொலைவு செல்லும், சுவர்களையும் ஓரளவு எளிதாக ஊடுருவும். 700 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 43 சென்டிமீட்டர். 5ஜி சேவைக்குப் பல நாடுகளில் பயன்படும் 3.5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் அலைநீளம் 9 சென்டிமீட்டருக்கும் குறைவு. அது மிக அதிகமான தரவைச் சுமக்கும், ஆனால் அவ்வளவு தூரம் போகாது, கட்டடங்களுக்குள் விரைவில் வலுவிழக்கும். 24 கிகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட மில்லிமீட்டர் அலைகளோ ஒரு சுவருக்கே நின்றுவிடும். எனவே "எங்களிடம் 5ஜி உண்டு" என்ற ஒரு வரியை வைத்து உங்கள் படுக்கையறையில் அழைப்பு கிடைக்குமா என்று சொல்லிவிட முடியாது. தாழ்ந்த அலைக்கற்றை நிறைய வைத்திருக்கும் நிறுவனம் புறநகரிலும் வீட்டுக்குள்ளும் நன்றாகவும், உயர்ந்த அலைக்கற்றையை நெருக்கமான கோபுரங்களோடு வைத்திருக்கும் நிறுவனம் நகர் மையத்தில் வேகமாகவும் இருப்பது இயல்பு.

நிறுவனங்கள் வெளியிடும் சேவைப் பரப்பு வரைபடங்கள் தொடக்கநிலை வடிகட்டலுக்கு உதவும். அவை பெரும்பாலும் கணினி மாதிரியால் கணக்கிடப்பட்டவை. ஒவ்வொரு வீட்டின் உள்ளேயும் அளந்து வரையப்பட்டவை அல்ல. வரைபடத்தில் வண்ணம் இல்லாத இடத்தில் சேவை இருக்காது என்பதை நம்பலாம். வண்ணம் இருக்கும் இடத்தில் உங்கள் சமையலறையிலும் சேவை இருக்கும் என்பதை மட்டும் அப்படியே நம்பிவிடக் கூடாது.

நம்பத்தக்க வழி ஒன்றே. நீங்கள் மாற நினைக்கும் நிறுவனத்தின் பிரீபெய்டு சிம் ஒன்றைக் குறைந்த காலத்துக்கு வாங்குங்கள். இரண்டு சிம் இடும் வசதியுள்ள கைப்பேசியில், பூட்டு இல்லையென்றால், இரண்டாவது இடத்தில் போட்டுக்கொள்ளலாம். இ-சிம் ஏற்கும் கைப்பேசியாக இருந்தால், அட்டைக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. கைப்பேசிக்குள்ளேயே பதிந்திருக்கும் சில்லில் இணைப்பின் விவரங்கள் இணையம் வழியாக இறக்கப்படுகின்றன. சில நிறுவனங்கள் புதியவர்களுக்கு இ-சிம் வழியே இலவசச் சோதனைக் காலமும் தருகின்றன. இரண்டு வாரங்கள் இரண்டு இணைப்புகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். வீட்டின் ஒவ்வோர் அறையிலும், மின்தூக்கியிலும், பணியிடத்திலும், அன்றாடம் பயணிக்கும் வழியிலும் அழைப்பைச் சோதியுங்கள். மாலை ஏழு மணி முதல் பத்து மணி வரை, எல்லோரும் காணொளி பார்க்கும் நேரத்தில் தரவின் வேகம் எப்படி விழுகிறது என்று கவனியுங்கள். நள்ளிரவில் அளந்த வேகம் எதையும் சொல்லாது.

சொந்தக் கோபுரங்கள் இல்லாமல் பிற நிறுவனத்தின் கோபுரங்களை வாடகைக்குப் பயன்படுத்தும் நிறுவனங்களும் உண்டு. 1999இல் பிரிட்டனில் தொடங்கிய வர்ஜின் மொபைல் இத்தகைய முன்னோடிகளில் ஒன்று. இவற்றின் கட்டணம் பெரும்பாலும் குறைவாக இருக்கும். சிக்னலோ அவை சார்ந்திருக்கும் நிறுவனத்தின் சிக்னல்தான். நெரிசல் நேரத்தில் கோபுர நிறுவனத்தின் சொந்த வாடிக்கையாளர்களுக்கு முன்னுரிமை தரப்பட்டு, வாடகைக்கு எடுத்த நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுக்குத் தரவு மெதுவாவது நடக்கக்கூடியது. நீங்கள் விலகப்போகும் நிறுவனத்தின் கோபுரங்களையே புதிய நிறுவனமும் பயன்படுத்துகிறது என்றால், சிக்னல் மோசம் என்பதற்காக அங்கே மாறுவதில் பொருளில்லை.

கைப்பேசியும் வலையமைப்பும் பொருந்துகின்றனவா?

கைப்பேசியைத் தனியாக வாங்கிக்கொண்டு இணைப்பை மட்டும் மாற்றுபவர்களும் பழைய கைப்பேசியோடு மாறுபவர்களும் ஒரு செய்தியைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். பூட்டில்லாத கைப்பேசி என்றால் எந்த நிறுவனத்தின் சிம்மையும் ஏற்கும் என்றுதான் பொருள். அந்த நிறுவனத்தின் எல்லா அலைக்கற்றைகளிலும் பேசும் என்று பொருள் இல்லை. ஒரே பெயரில் விற்கப்படும் கைப்பேசிக்கு வெவ்வேறு சந்தைகளுக்கென வெவ்வேறு மாடல் எண்கள் இருக்கும். அவை ஆதரிக்கும் அலைக்கற்றைகளும் வேறுபடும். வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வந்த கைப்பேசியில் இந்தச் சிக்கல் அடிக்கடி எழுகிறது.

இன்னொரு சிக்கல் குரல் அழைப்பைப் பற்றியது. பல நாடுகளில் 3ஜி சேவை மூடப்பட்டுவிட்டது. அப்படியான இடங்களில் குரல் அழைப்பு 4ஜி வலையமைப்பின் மேல், வோல்டி என்று அழைக்கப்படும் முறையில் செல்ல வேண்டும். சில நிறுவனங்கள் தாங்கள் சோதித்து ஏற்ற மாடல்களில் மட்டுமே இதை அனுமதிக்கின்றன. பட்டியலில் இல்லாத கைப்பேசியில் இணையம் நன்றாக ஓடும், அழைப்பு மட்டும் போகாது. இது எவ்வளவு முக்கியமானது என்பதை ஆஸ்திரேலியாவில் நடந்தது காட்டியது. 2024 அக்டோபர் இறுதியில் அங்கே 3ஜி மூடப்பட்டபோது, சாதாரண அழைப்புகளை 4ஜியில் செய்தாலும் அவசர அழைப்புகளுக்கு 3ஜியையே நம்பியிருந்த கைப்பேசிகள் வலையமைப்பிலிருந்து தடுக்கப்பட்டன. கைப்பேசி வேலை செய்துகொண்டுதான் இருந்தது; ஆபத்தில் உதவிக்கு அழைக்க முடியாது என்பதே தடைக்குக் காரணம்.

இதைச் சரிபார்ப்பது எளிது. கைப்பேசியில் அழைப்புப் பலகையைத் திறந்து *#06# என்று அழுத்தினால் 15 இலக்கங்கள் கொண்ட ஐஎம்இஐ எண் திரையில் தோன்றும். அந்தக் குறிப்பிட்ட கருவிக்கே உரிய அடையாள எண் அது. பல நிறுவனங்களின் இணையதளங்களில் இந்த எண்ணைக் கொடுத்தால், கருவி தங்கள் வலையமைப்பில் முழுமையாக வேலை செய்யுமா என்று காட்டும் வசதி இருக்கிறது. நிறுவனத்தின் அதிகாரபூர்வத் தளத்தைத் தவிர வேறெங்கும் அந்த எண்ணைக் கொடுக்காதீர்கள்.

எண்ணை இழக்காமல் மாறுவது

பழைய எண்ணையே வைத்துக்கொண்டு நிறுவனத்தை மட்டும் மாற்றும் வசதியை 1997இல் சிங்கப்பூர் அறிமுகப்படுத்தியது. இந்தியாவில் 2011 ஜனவரி 20 முதல் நாடெங்கும் இது நடைமுறைக்கு வந்தது. பேச்சுவழக்கில் "போர்ட் செய்வது" என்கிறோம். முறை நாட்டுக்கு நாடு சற்று வேறுபடும். சில இடங்களில் பழைய நிறுவனத்திடம் ஒரு குறியீட்டைப் பெற்றுப் புதிய நிறுவனத்திடம் கொடுக்க வேண்டும். சில இடங்களில் எல்லாவற்றையும் புதிய நிறுவனமே பார்த்துக்கொள்ளும்.

எங்கே இருந்தாலும் மாறாத எச்சரிக்கை ஒன்று உண்டு: பழைய இணைப்பை நீங்களாக முதலில் துண்டித்துவிடாதீர்கள். இணைப்பு உயிரோடு இருந்தால்தான் எண்ணைக் கொண்டுபோக முடியும். துண்டித்த எண்ணுக்கு நீங்கள் உரிமை கோர முடியாமல் போகலாம், சில காலம் கழித்து அது வேறொருவருக்கு ஒதுக்கப்படவும் கூடும். எண் வெற்றிகரமாக மாறிய கணத்தில் பழைய இணைப்பு தானாகவே நின்றுவிடும்.

வங்கிக் கணக்கு, மின்னஞ்சல், அரசுச் சேவைகள் என எல்லாவற்றுக்கும் ஒருமுறைக் கடவுச்சொல் இந்த எண்ணுக்குத்தான் வருகிறது. எண் மாறும் சில மணி நேரங்களில், சில இடங்களில் அதற்கும் மேலாக, குறுஞ்செய்திகள் வராமல் போகலாம். எனவே பணம் செலுத்த வேண்டிய கடைசி நாளிலோ, பயணத்துக்கு முந்தைய நாளிலோ, மருத்துவமனை அழைப்புக்காகக் காத்திருக்கும் நேரத்திலோ மாற்றத்தைத் தொடங்க வேண்டாம். போஸ்ட்பெய்டு இணைப்பானால் நிலுவையில் உள்ள பில்லைக் கட்டிவிடுங்கள். நிலுவை இருந்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுவது பல இடங்களில் வழக்கம். பிரீபெய்டு இணைப்பில் மீதமுள்ள தொகை புதிய நிறுவனத்துக்கு வராது என்பதால், முன்கூட்டிப் பயன்படுத்தித் தீர்த்துவிடலாம்.

மாறுவதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு சிறு காரியத்தைப் பலர் தவறவிடுகிறார்கள். உங்கள் இப்போதைய நிறுவனத்தை அழைத்து, விலகும் எண்ணத்தை மரியாதையாகச் சொல்லி, இதே கைப்பேசியை அவர்கள் என்ன விதிகளில் தர முடியும் என்று கேளுங்கள். புதியவர்களைக் கவர வைத்திருக்கும் சலுகையைப் பழைய வாடிக்கையாளருக்குத் தாங்களாகவே சொல்லாத நிறுவனமும், விலகப்போகிறவரைத் தக்கவைத்துக்கொள்ள வேறொரு சலுகையைக் கையில் வைத்திருப்பது உண்டு. அவர்கள் இறங்கி வந்தால் உங்களுக்குச் சோதனை, எண் மாற்றம் என்ற அலைச்சல் எதுவும் இல்லை. சிக்னல் ஏற்கெனவே நன்றாக இருப்பவருக்கு இதுவே நல்ல முடிவு என்பேன். சிக்னல் மோசமாக இருப்பவர், அங்கே எவ்வளவு பெரிய சலுகை கிடைத்தாலும் அதற்காகத் தங்கிவிடக் கூடாது. அவர் மாறுவதற்குப் புதிய கைப்பேசி ஒரு சாக்காக இருக்கட்டும்.

மாறிய பிறகு முதல் மூன்று பில்களை வரிவரியாகப் பாருங்கள். வாக்களித்த கழிவு முதல் பில்லில் வராமல் இரண்டாவதிலோ மூன்றாவதிலோ தொடங்குவது உண்டு. மூன்றாவதிலும் வரவில்லையென்றால் உடனே எழுத்தில் முறையிட வேண்டும். சேரும்போது விற்பனையாளர் எழுதித் தந்த விவரங்களையும் அந்த நாளின் விளம்பரப் பக்கத்தின் படத்தையும் சேமித்து வைத்திருந்தால் அந்த முறையீடு விரைவில் முடியும். பொருளைத் திருப்பித் தரும் காலம் எத்தனை நாள் என்பதையும் அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் இணையம் வழியாகச் செய்த ஒப்பந்தங்களிலிருந்து காரணம் சொல்லாமலே 14 நாள்களுக்குள் விலகும் உரிமை உண்டு. மற்ற நாடுகளில் அது அந்தந்த நாட்டின் சட்டத்தையும் நிறுவனத்தின் விதியையும் பொறுத்தது. அந்த நாள்கள் முடிவதற்குள் வீட்டின் எல்லா மூலைகளிலும் இன்னொரு முறை அழைத்துப் பார்த்துவிடுங்கள்.